மட்டந்தட்டிய புள்ளி

ஐம்பத்தொன்பது என்ற எண்ணை ஜெயந்தினியின் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவளுடைய அக்கா சண்முகவடிவு ஆசிரியர் தெரிவுப் பரீட்சையில் எடுத்த புள்ளி அது. தேவைப்பட்டது அறுபது.

ராகலைக்கு மேலே இருக்கும் வெள்ளைக்கல் தேயிலைத் தோட்டத்தில் உயர்தரம் வரை படித்த முதல் பெண் சண்முகவடிவு. படித்து முடித்ததும் தோட்டப் பாடசாலையில் தொண்டர் ஆசிரியையாகச் சேர்ந்து சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். அப்பா முன்னமே இறந்துவிட்டார். அம்மா கொழுந்தெடுத்துத்தான் வீடு நடந்தது. ஜெயந்தினி அக்காவைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். அக்காவிடம்தான் அவளும் ‘அ’ எழுதப் படித்தாள்.

தொண்ணூற்றெட்டில், தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களைச் சேர்க்க நுவரெலியாவில் ஒரு திட்ட அலுவலகம் திறந்தார்கள். இரண்டு வினாத்தாள், ஒரு நேர்முகப் பரீட்சை. சண்முகவடிவும், அதே பாடசாலையில் தொண்டராக இருந்த இராமையாவும் சேர்ந்து படித்தார்கள். இருவருக்கும் விருப்பம் என்பது இரண்டு வீட்டுக்கும் தெரியும். நியமனம் கிடைத்ததும் தை மாதத்தில் கல்யாணம் என்று பேசியிருந்தார்கள்.

முடிவைப் பாடசாலைச் சுவரில் ஒட்டினார்கள். இராமையா அறுபது. சண்முகவடிவு ஐம்பத்தொன்பது.

அன்று பின்னேரம் பீலிக்கரையில் தண்ணீருக்கு நின்ற பெண்களுக்கு முன்னால் வைத்து அம்மா கத்தினாள். “ஒரு புள்ளி எடுக்கத் தெரியாதவ, நீ என்னாத்தடி ஊரு பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்த? போதும் படிச்சுக் கிழிச்சது. நாளைக்குக் கூடைய எடு.”

சண்முகவடிவு குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். நியமனம் பெற்ற ஆசிரியர் வந்துவிட்டதால் இனி வரத் தேவையில்லை என்று பாடசாலை அதிபர் அவளிடம் சொன்னார். இராமையாவின் அப்பாவுக்கு மகன் உத்தியோகத்தன் ஆனதும் மனம் மாறிவிட்டது. இராமையா ஒருநாள் அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டுக்கு வந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, “வீட்டுல ஒத்துக்க மாட்டேங்கிறாங்க வடிவு. எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்” என்றான். அவள் தலையை ஆட்டினாள். அடுத்த வருடம் அவன் ஹட்டன் பக்கத்து ஆசிரியை ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். சண்முகவடிவு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள்.

நான்கு வருடம் அங்கே இருந்தாள். அவள் அனுப்பியதில்தான் ஜெயந்தினி உயர்தரம் முடித்தாள், ஹட்டனில் கணினி வகுப்புக்கும் போனாள். அம்மாவுக்குக் கால் முடியாமல் போனபோது சண்முகவடிவு திரும்பி வந்தாள். அம்மாவின் இடத்தில் பேர் பதிந்துகொண்டு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகத் தொடங்கினாள். வேறு கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் வேண்டாம் என்றாள்.

ஜெயந்தினிக்குக் கணினி இயக்குநர் வேலை கிடைத்தது அதே திட்ட அலுவலகத்தில். சொல்லத் தயங்கித்தான் சொன்னாள். நேர்முகத்துக்கு அங்கே போயிருந்த அக்கா, “நல்ல எடம் பாப்பா. ஜன்னலுக்கு வெளிய பெரிய சைப்ரஸ் மரம் நிக்கும்” என்றாள்.

இரண்டாயிரத்து ஆறில் மறுபடி ஆசிரியர் தெரிவு வந்தது. புள்ளிகளைக் கணினியில் ஏற்றுவது ஜெயந்தினியின் வேலை. பழைய எக்செல் ஷீட் ஒன்று இருந்தது. பெயரையும் மூன்று புள்ளிகளையும் அடித்தால் போதும், மொத்தத்தை அதுவே போட்டுவிடும். முதல் வினாத்தாளில் நூற்றுக்கு நாற்பது வீதம், இரண்டாவதில் நாற்பது வீதம், நேர்முகத்தில் இருபது வீதம் எடுத்துக் கூட்டவேண்டும்.

எந்த வேலையிலும் முதல் சில வரிகளைக் கல்குலேட்டரில் போட்டுப் பார்ப்பது வகுப்பில் அவளுக்குப் பழக்கிவிட்ட ஒன்று. முதலாவது ஹட்டன் பையன் ஒருவன். ஷீட் அவனுக்கு அறுபத்தாறு என்றது. கல்குலேட்டர் அறுபத்தேழு புள்ளி இரண்டு என்றது. தான்தான் தவறாக அழுத்திவிட்டேன் என்று நினைத்து இன்னொரு தரம் போட்டாள். அதே விடை.

அவள் எழுந்து உள்ளறைக்குப் போனாள். அங்கே இருந்தவர் திட்ட அதிகாரி குணரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர். கணித ஆசிரியராக இருந்து அதிகாரியானவர். அலுவலகம் திறந்த நாளிலிருந்து அவர்தான் பொறுப்பு.

“சேர், ஒருக்கா வந்து பாக்குறீங்களா? மொத்தம் பிழையா வருது.”

“கொம்பியூட்டர் கூட்டினது எப்பிடிப் பிழைக்கும் பிள்ளை?”

“கூட்டுறதுக்கு முன்னாடியே ரவுண்ட் பண்ணுது சேர். மூணு கட்டத்துலயும் தனித்தனியா, தசமம் அரைக்குக் கீழன்னா வெட்டிடுது, மேலன்னா ஒன்னா ஆக்கிடுது. அப்புறந்தான் கூட்டுது.”

குணரத்தினம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து திரைக்கு முன்னால் குனிந்தார். அவள் கட்டத்தைத் தொட்டு ஃபார்முலாவைக் காட்டினாள். இருபத்தாறு புள்ளி நான்கு அங்கே இருபத்தாறாக நின்றது. இருபத்தெட்டு புள்ளி நான்கு இருபத்தெட்டாகவும், பன்னிரண்டு புள்ளி நான்கு பன்னிரண்டாகவும் நின்றன. ஒவ்வொன்றிலும் அரைக்கும் குறைவாகத்தான் போயிருந்தது. மூன்றையும் சேர்த்தால் ஒரு புள்ளிக்கு மேலே.

அவர் பக்கத்து நாற்காலியை இழுத்து மெல்ல உட்கார்ந்தார். “கூட்டி முடிச்சாப் பிறகு கடைசியில ஒருக்காத்தான் மட்டந்தட்ட வேணும். எத்தினை பிள்ளையளுக்குப் படிப்பிச்சனான் இதை” என்றார். பிறகு, “பட்டியலில தசமம் தெரியக்கூடாது, பார்க்கத் துப்புரவா இருக்கவேணும் எண்டு இந்த ஷீட்டைச் செய்த பெடியனிட்டைக் கேட்டது நான்தான்” என்றார்.

தசமத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் வைப்பதற்கு வேறு வழி இருக்கிறது. கட்டத்தின் தோற்றத்தை மட்டும் மாற்றினால் உள்ளே எண் முழுதாகவே இருக்கும். ஷீட்டைச் செய்துகொடுத்துவிட்டுப் போன அந்தப் பையன் எண்ணையே வெட்டியிருந்தான்.

ஜெயந்தினி மூன்று கட்டங்களிலிருந்தும் ரவுண்டை எடுத்தாள். கடைசி மொத்தத்தில் மட்டும் அதைப் போட்டு, கீழே வரை இழுத்துவிட்டாள். எண்கள் ஒரு கணம் அசைந்து நின்றன. சிலருக்கு ஒன்று கூடியது, சிலருக்கு ஒன்று குறைந்தது.

“முந்தின தெரிவுகளுக்கும் இந்த ஷீட்தானே பாவிச்சது?” என்று குணரத்தினம் கேட்டார்.

“ஆமா சேர்.”

“அப்ப அதுகளையும் எடும். எல்லாத்தையும் பார்ப்பம்.”

அலுமாரியிலிருந்து பழைய ஃப்ளொப்பி டிஸ்க்குகளை அவரே எடுத்து வந்தார். தொண்ணூற்றெட்டாம் ஆண்டுடையதை அவள் போட்டாள். கரகரவென்று சத்தம் போட்டுத் திறந்தது. தேடவேண்டிய பெயர் எது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தேடாமல் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினாள்.

சண்முகவடிவு. எழுபத்தொன்று, அறுபத்தொன்று, முப்பத்தேழு. மொத்தம் ஐம்பத்தொன்பது.

அக்கா எழுதிய வினாத்தாள்களின் புள்ளிகளை அவள் இப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறாள். அன்று சுவரில் ஒட்டியது மொத்தத்தை மட்டும்தான். ஃபார்முலாவைத் திருத்தினாள். எண் அறுபதாக மாறியது. மட்டந்தட்டாமல் தசமத்தோடு பார்த்தால் அறுபது புள்ளி இரண்டு.

அவள் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“என்ன பிள்ளை?”

“இது எங்க அக்கா சேர்.”

குணரத்தினம் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அடுத்த மேசைக்காரர் கொண்டுவந்து வைத்த தேநீர் இருவருக்கும் ஆறிப்போனது.

அந்தப் பட்டியலில் அறுபதைத் தொட்டும் வெளியே நின்றவர்கள் ஆறு பேர். தொடாமலே உள்ளே போனவர்கள் நான்கு பேர். அந்த நால்வரின் பெயர்களில் இராமையாவும் இருந்தான். ஐம்பத்தொன்பது புள்ளி இரண்டு.

அவன் யார் என்பதை அவள் குணரத்தினத்திடம் சொல்லவில்லை. அவருக்கு அது வெறும் ஒரு பெயர்.

ஞாயிற்றுக்கிழமை காலை சண்முகவடிவு லயத்துக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் லீக்ஸுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். ஜெயந்தினி வெகுநேரம் பக்கத்தில் நின்றாள். எப்படித் தொடங்குவதென்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

“அக்கா, நீ பெயிலாகல.”

சண்முகவடிவு நிமிர்ந்தாள். “என்னாடி சொல்ற?”

ஜெயந்தினி எல்லாவற்றையும் சொன்னாள். ஷீட் எப்படி வெட்டியது, எப்படிக் கூட்டியது, திருத்தியதும் எண் எப்படி மாறியது. சண்முகவடிவு மண்வெட்டியைப் பிடித்தபடியே கேட்டாள்.

“சரியாக் கூட்டினியா பாப்பா?”

“கையாலயும் போட்டுப் பாத்தேன்க்கா.”

“எவ்வளவு எவ்வளவுன்னு சொல்லு.”

சொன்னாள். சண்முகவடிவு குந்தி உட்கார்ந்து, ஈர மண்ணைக் கையால் தடவிச் சமப்படுத்தி, விரலால் எழுதிப் பெருக்கினாள். முன்பு கரும்பலகையில் எழுதுவதைப்போலவே ஒவ்வொரு எண்ணையும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்தி எழுதினாள். இருபத்தெட்டு புள்ளி நான்கு. இருபத்துநான்கு புள்ளி நான்கு. ஏழு புள்ளி நான்கு. கோடு போட்டுக் கூட்டினாள். விடையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இண்டர்வியூவுக்கு முப்பத்தேழுதான் போட்டாங்களா?” என்றாள் கடைசியில். “நான் நல்லாத்தானே பதில் சொன்னேன்.”

ஜெயந்தினி குனிந்து மண்ணில் இருந்த எண்களைப் பார்த்தாள்.

“அவருக்கு எவ்வளவு?”

யாரைக் கேட்கிறாள் என்று ஜெயந்தினிக்குத் தெரியும். “அது பாக்கலக்கா.”

“நீ பாத்திருப்ப. சொல்லு.”

“ஐம்பத்தொம்பது.”

சண்முகவடிவின் கை மண்ணில் எழுதியதன்மேல் அப்படியே நின்றது. லயத்து முன்பக்கம் யாரோ ரேடியோவைத் திருப்பினார்கள். பக்கத்து வீட்டுக் காம்பராவில் பிள்ளை அழுதது.

“அவர ஏதும் செய்வாங்களா?”

“இல்லக்கா. குடுத்த நியமனத்தத் தொடமாட்டாங்கன்னு சேர் சொன்னாரு.”

“சரி. அவருக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு. இது யார் காதுக்கும் போகக்கூடாது. அம்மாகிட்டயும் சொல்லாத. அன்னைக்குப் பேசினது அதுக்கு இன்னும் மறந்திருக்காது.”

எழுந்தாள். மண்வெட்டியை எடுத்தாள். இரண்டு வெட்டு வெட்டிவிட்டு நின்றாள்.

“குவைத்துல அந்த வீட்டுல ஒரு சின்னப் பொண்ணு இருந்துச்சு. கணக்குப் புத்தகத்தத் தூக்கிக்கிட்டு என்கிட்டதான் வரும். சொல்லிக் குடுக்க ஆசையா இருக்கும். வாய் வராது பாப்பா. நாமளே பெயிலானவ, பிழையாச் சொல்லிக் குடுத்துட்டா என்னா பண்றதுன்னு பயமா இருக்கும். அம்மாகிட்டக் கேளுன்னு சைகையில காட்டி அனுப்பிருவேன். நாலு வருசமும் அனுப்பிக்கிட்டே இருந்தேன்.”

அவள் அழவில்லை. அதுதான் ஜெயந்தினிக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. ஜெயந்தினிதான் அழுதாள். அக்கா அருகில் வந்து மண் ஒட்டிய புறங்கையால் அவள் தலையைத் தொட்டாள்.

குணரத்தினம் கொழும்புத் தலைமையகத்துக்கு எழுதினார். வெளியே நின்ற ஆறு பேருக்கும் நியமனம் கொடுக்கவேண்டும் என்று கேட்டார். ஒரு மாதத்துக்குப் பின் பதில் வந்தது. பழைய தெரிவைத் திறக்க முடியாது, அந்த ஆறு பேருக்கும் இந்த முறை தனியாக ஒரு நேர்முகம் வைக்கலாம், ஆனால் வயதெல்லைக்குள் இருக்கவேண்டும். மூன்று பேர் உள்ளே இருந்தார்கள். சண்முகவடிவுக்கு வயது முப்பத்தாறு ஆகியிருந்தது. ஒரு வயதுதான் தாண்டியிருந்தது. அவர் மறுபடி எழுதினார். மறுபடியும் அதே பதில்.

அடுத்த ஞாயிறு யாருக்கும் சொல்லாமல் அவர் வெள்ளைக்கல் தோட்டத்துக்கு வந்துவிட்டார். மழை. குடை காற்றில் மடங்கி, காற்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. ஒரு பெரிய மனிதர் லயத்துப் பாதையில் வழி கேட்டு வருவதைப் பார்த்து வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். ஜெயந்தினி பதறி ஓடி அவரை உள்ளே கூட்டிவந்தாள். சண்முகவடிவு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கட்டிலில் படுத்திருந்த அம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரியாது. அமர்ந்ததும் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டார்.

“தங்கச்சி, உமக்கு அநியாயம் நடந்திட்டுது. நீர் அண்டைக்கே சித்தியடைஞ்சிட்டீர். எங்கட பிழையாலதான் உம்மட பேர் விடுபட்டது. நான் ரெண்டு தரம் எழுதிக் கேட்டுப் பார்த்தன். வயதெல்லை தாண்டிட்டுது எண்டு மறுத்திட்டினம்.”

அம்மா சின்னவளைப் பார்த்தாள். “இவரு என்னா சொல்றாரு? வெளங்கல.”

ஜெயந்தினி அக்காவைப் பார்த்தாள். இனி மறைக்க முடியாது. “அக்கா பாஸும்மா. அன்னைக்கே பாஸ். கணக்குப் போட்டதுல பிழ.”

அம்மா இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். “பீலிக்கரையில அத்தன பேரு முன்னாடி...” என்று தொடங்கினாள். அதற்குமேல் வரவில்லை.

“விடும்மா” என்றாள் சண்முகவடிவு. “சேர் நனஞ்சு வந்திருக்காரு. டீ ஊத்துறேன்.”

தேநீரைக் கொடுத்தாள். அவர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

“என்னை மன்னிச்சுக்கொள்ளும்.”

சண்முகவடிவு அடுப்புப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். “இப்ப ஒன்னும் சொல்ல வரல சேர்” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “நான் பாஸானேன்னு ஒரு கடுதாசி தருவாங்களா? வேலைக்கு இல்ல. சும்மா வச்சிக்க.”

“அதையும் கேட்டனான் பிள்ளை” என்றார் குணரத்தினம். “தரமாட்டினம். தந்தால் வழக்குப் போடுவியள் எண்டு பயப்பிடினம்.”

அவள் சிரிக்க முயன்றாள். “வழக்கா?” என்றாள். மழை விடும்வரை இருந்துவிட்டு அவர் புறப்பட்டார். ஜெயந்தினி பாதைவரை போய்விட்டு வந்தபோது அம்மா கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அக்கா அவள் காலைத் தைலம் போட்டு நீவிக்கொண்டிருந்தாள். அன்றும் மறுநாளும் அம்மா சோறு தொடவில்லை.

திருத்திய ஷீட்டில்தான் அந்த வருடப் பட்டியல் அச்சானது. பழனியாண்டியின் மகள் லெட்சுமி, அதே தோட்டத்துக் கீழ்லயத்துப் பெண், சரியாக அறுபது எடுத்திருந்தாள். பழைய ஷீட்டாக இருந்தால் அவளுக்கும் ஐம்பத்தொன்பதுதான். ஜெயந்தினி அதை யாரிடமும் சொல்லவில்லை. பட்டியலைக் கையொப்பத்துக்கு உள்ளறையில் வைத்துவிட்டு, முகம் கழுவப் போனாள்.

லெட்சுமி பாடசாலையில் பொறுப்பேற்ற நாள் காலை, பொழுது விடிந்ததும் ஒரு புதுச் சேலையைச் சுருட்டிக்கொண்டு இவர்கள் வாசலுக்கு வந்தாள். கூச்சத்தோடு நின்றாள்.

“வடிவக்கா, எனக்கு ஒழுங்காக் கட்டத் தெரியல. டீச்சருங்க கட்டுற மாதிரி உங்களுக்குத்தான் தெரியும்னு அம்மா சொன்னாங்க.”

“உள்ள வா.”

சண்முகவடிவு கொழுந்துக் கூடையை ஓரமாக வைத்தாள். சேலையின் நுனியைப் பிடித்துச் சுற்றினாள். முன்மடிப்பை ஒவ்வொன்றாக விரலில் எடுத்து, ஒரே அளவில் அடுக்கி, இடுப்பில் செருகினாள். தோளில் ஊசி குத்திவிட்டாள். மண்டியிட்டுக் கீழே தொங்கிய கரையை நேராக்கினாள்.

“வகுப்புக்குள்ள போனதும் மொதல்ல பேரு கேளு. எல்லார் பேரையும் அன்னைக்கே மனசுல வச்சிக்க. அப்பதான் கிட்ட வரும்.”

“சரிக்கா.”

“பின்னாடி உக்காருற பிள்ளைகள விட்டுறாத.”

“சரிக்கா.”

லெட்சுமி குனிந்து அவள் காலைத் தொட்டாள். சண்முகவடிவு வாசலில் நின்று, அவள் படிகளில் இறங்கிப் பாடசாலைப் பக்கம் திரும்பும்வரை பார்த்தாள். அப்புறம் உள்ளே வந்து, சாமான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. அடிவயிற்றிலிருந்து, அடக்க முடியாமல், பக்கத்துக் காம்பராக்களுக்குக் கேட்கும்படி வந்தது. குவைத்திலிருந்து வந்தபோதும், இராமையா கல்யாணத்தன்றும் கூட அவள் இப்படி அழுது ஜெயந்தினி பார்த்ததில்லை.

அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துவந்து, முடியாத காலை நீட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகளின் முதுகில் கையை வைத்தாள். “அழுவு சாமி, அழுவு” என்றாள். சண்முகவடிவு அவள் மடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ஜெயந்தினியின் நுவரெலியா பஸ் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது. அவள் எழுந்து போகவில்லை.

அழுகை ஓய்ந்ததும் சண்முகவடிவு எழுந்தாள். முகத்தைக் கழுவினாள். இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கட்டி, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் புறப்பட்டாள்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு கலைந்து நெடுநேரமாகியிருந்தது. பிந்தி வந்ததற்கு, மலையில் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு அவளுக்கு அன்று அரைப்பேர்தான், அரை நாள் கூலிதான், போட்டார்.